பழைய எஸ்எம்பிஎஸ்ஸை பெஞ்ச் சப்ளையா மாத்துறேன், 12 வோல்ட் இறங்குது, உதவி வேணும்

நண்பர்களே வணக்கம். பழைய டெஸ்க்டாப்ல இருந்து கழட்டின ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டர் பவர் சப்ளையை, சர்க்யூட் டெஸ்ட் பண்ண மேசையில வெச்சுக்கிற வொர்க்பெஞ்ச் சப்ளையா மாத்திக்கிட்டு இருக்கேன். ஆன் பண்ற பச்சை வயரை கருப்போட (கிரவுண்ட்) சேர்த்து நடுவுல சுவிட்ச் போட்டாச்சு, ஆன் ஆகுது, மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 மூணையும் பனானா சாக்கெட்டுக்கு கொண்டு வந்துட்டேன், பிரவுன் வயர் 3.3 வோல்ட் சரியா இருக்கான்னு பார்க்குற சென்ஸ் வயருங்கிறதால அதையும் ஆரஞ்சோடவே சேர்த்திருக்கேன்.

பிரச்சினை 12 வோல்ட்ல தான். லோடு இல்லாம 11.9 காட்டுது, பிசிபி துளை போடுற மோட்டாரை மாட்டினா 11க்கும் கீழ போயிடுது, அதே நேரம் 5 வோல்ட் லைன் 5.3 வரை ஏறுது. பழைய டிசைன்ல 5, 12 ரெண்டும் சேர்ந்து தான் ரெகுலேட் ஆகும், அதனால 5-ல லோடு இருக்கணும்னு 10 ஓம் 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் போட்டேன், ஆனா அது அரை ஆம்பியர் தானே இழுக்கும், பத்தல. 5 ஓம் ரெண்டை பேரலலா போட்டா 2 ஆம்பியர் வரும், மொத்தம் 10 வாட் சூடு, உள்ள ஃபேன் காத்து படுற இடத்துல வெச்சா தாங்குமா? இல்ல 21 வாட் கார் பல்பை 5-ல மாட்டுறது நல்லதா?

இன்னொண்ணு, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்னு போட்டிருக்கு, ஷார்ட் ஆனா எஸ்எம்பிஎஸ் கட் ஆகுறதுக்குள்ள மெல்லிசு வயர் உருகிடும். எலக்ட்ரானிக்ஸ் கத்துக்க வர்ற பசங்க இதுல தான் கை வைக்கப்போறாங்க, அதனால இதுல எனக்கு ரொம்ப கவலை. லைனுக்கு ஒரு 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போதுமா, இல்ல ட்ரிப் ஆகி ஆறினதும் தானா சரியாகுற பாலிஃபியூஸ் போடணுமா?

செஞ்சு பார்த்தவங்க என்ன லோடு போட்டீங்க, 12 எவ்வளவுல நின்னுச்சுன்னு மீட்டர் ரீடிங்கோட சொல்லுங்க அண்ணா.