வம்சாவளியை இணையத்தில் போட்டபோது கண்டவை

குடும்ப மரத்தை இணையத்தில் ஏற்றியபோது நடந்ததைப் பற்றிச் சிலர் ஒருவருக்கொருவர் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.

கொக்குவில்

வெளிநாட்டிலுள்ள மருமகன் ஒருவர் தாய்வழி, தகப்பன்வழி இரண்டையும் தேடியெடுத்துப் பொதுமரத் தளமொன்றில் (எல்லாரும் சேர்ந்து ஒரே குடும்ப மரத்தை எழுதும் இணையத்தளம்) ஏற்றினார். நல்ல உழைப்பு. ஆனால் 2009இல் காணாமல்போன ஒருவரின் பெயருக்குக் கீழே ‘இறப்பு 2009’ என்று விழுந்துவிட்டது. அவருடைய மனைவி இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன எல்லாருக்கும் மாட்டேன் என்றவ. பேரப்பிள்ளை போனில் காட்ட, அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு “இதை ஆர் எழுதினது?” என்று மட்டும் கேட்டா.

இப்படியான மரங்களில் உயிரோடிருப்பவரின் பக்கம் ஏற்றினவருக்கு மட்டும்தான் தெரியும். ‘இறந்தவர்’ என்று குறித்தால் எல்லாரும் பார்க்கலாம். கிளை முழுதாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில் ஆட்கள் அந்தக் குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

உடுவில்

அந்தியேட்டிக் கிரியையன்று கொடுத்த கல்வெட்டை (இறந்தவரின் நினைவாக அச்சிடும் புத்தகம்) அட்டை தொடக்கம் கடைசிப் பக்கம் வரை ஸ்கான் பண்ணிப் போட்டிருந்தார்கள். வம்சாவளிப் பக்கத்தில் மகளுக்கு நேரே முதல் கணவரின் பெயர். விவாகரத்தாகி, மறுமணம் முடித்து, பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லாத விஷயம். அவவின் சின்ன மகள் தாயின் பெயரைக் கூகுளில் தேட முதலில் வந்தது அந்தப் பக்கம்தான்.

இனி ஏற்றப்போகிறவர்களுக்கு. பிறந்த திகதி வேண்டாம், ஆண்டு மட்டும் போதும். எங்கள் பழைய இலங்கை அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூடும். மாசி (பெப்ரவரி) மாதத்துக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 1962 பங்குனி (மார்ச்) 15இல் பிறந்த பெண்ணுக்கு 62575 என்று தொடங்கும். ஆக ஒன்பது எண்ணில் ஐந்தை நீங்களே ஊருக்குக் கொடுக்கிறீர்கள். புதிய இலக்கத்தில் பன்னிரண்டில் ஏழு. வெளிநாட்டு வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகத் தாயின் கன்னிப் பெயரைக் கேட்கும். எங்கள் வழக்கத்தில் அது பெரும்பாலும் அம்மப்பாவின் பெயர், மரத்தில் இரண்டு படி மேலே தெளிவாக நிற்கும்.

ஜெட்காம் கோப்பாக (வம்சாவளியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வடிவம்) ஏற்றினால், ‘உயிரோடிருப்பவரைத் தவிர்’ என்பதைத் தெரிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம். அது அவர்களின் பெயரையும் திகதியையும்தான் நீக்கும். இறந்த தகப்பனின் குறிப்பில் “இளைய மகள் இப்ப இன்ன இடத்தில், வேலை இது” என்று எழுதியிருந்தால் அது அப்படியே போகும். கோப்பை நோட்பாடில் திறந்து, உயிரோடிருக்கிற ஒவ்வொருவரின் பெயரையும் தேடிப் பாருங்கோ. படங்களின் கீழுள்ள எழுத்தையும் பாருங்கோ. மரண அறிவித்தலை ஒட்டுவதென்றால் ‘தொடர்புகளுக்கு’ என்ற பகுதியை வெட்டிவிடுங்கோ.

லண்டன்

உடுவில் அக்கா சொல்வதைக் கேட்டால் ஒருவரும் ஒன்றும் போடமுடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. இடம்பெயர்வுகளில் எத்தனை வீட்டுக் காணி உறுதிப் (பத்திரப்) பெட்டிகள் போயின. இங்கே பிறந்த ஒரு பெடியனுக்குத் தன் பூட்டியின் பெயரே தெரியாது. யாரோ இணையத்தில் போட்டிருந்த பழைய சீதன உறுதியில் (மகளுக்குச் சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரம்) அந்தப் பெயரையும் காணியின் பெயரையும் கண்டு, அழுதேவிட்டான். ஆம்பிளைகளின் பெயரை மட்டும் எழுதிவைத்த குடும்பங்களில் பெண்வழி தப்பியிருப்பது சீதன உறுதிகளில்தான். மறைத்தால் அது அழியும்.

பருத்தித்துறை

லண்டன் அண்ணை, உறுதியை மறைக்கச் சொல்லி ஆரும் சொல்லவில்லை. சீதன உறுதி இருப்பிலுள்ள காணியின் ஆவணம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் (உறுதி எழுதுபவரின்) பெயர், நான்கு எல்லை, பரப்புக் கணக்கு எல்லாம் ஒரே படத்தில் கிடைத்தால், உரிமையாளர் வெளிநாட்டிலுள்ள காணிக்குக் கள்ள உறுதி முடிக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஊர், காணிப் பெயர், கொடுத்தவர், பெற்றவர், ஆண்டு, இந்த ஐந்தையும் தட்டச்சில் போடுங்கள். அந்தப் பெடியனுக்கும் அதுதானே தேவைப்பட்டது. படம் குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழின் படமும் இதே கதைதான். பெற்றோர் மணம் முடித்தவர்களா என்று ஒரு கட்டம் பழைய சான்றிதழ்களில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வைத்து ஒரு கலியாணப் பேச்சு நின்றதை வடமராட்சியில் கண்டாச்சு. சாதி என்றொரு நிரலைச் சேர்த்து மரம் போடுகிறவர்களிடமும் கேட்கிறேன், அந்த நிரல் ஆருக்குப் பயன்படும்?

கொக்குவில்

நான் தொடங்கியது காணாமல்போனவரைப் பற்றி. திருத்தியவிதத்தைச் சொல்கிறேன், வேறு வீடுகளுக்கும் உதவும். மருமகன் உடனே இறப்பை எடுத்தார். இரண்டு கிழமையில் வேறொருவர் திரும்பப் போட்டுவிட்டார், பொதுமரத்தில் எவரும் மாற்றலாம். பிறகு ‘உயிருடன்’ என்று மாற்றி, காரணம் எழுதும் இடத்தில் “2009 முதல் தகவல் இல்லை, இறப்புக்கு ஆதாரம் இல்லை, குடும்பத்தைக் கேளாமல் மாற்றவேண்டாம்” என்று எழுதினார். மாற்றியவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பினார். அவரும் உறவுதான், கேட்டதும் விட்டுவிட்டார். இதற்கிடையில் அந்தக் கிளையைத் தங்கள் கோப்புக்குள் இறக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் திருத்திவிட்டார். மற்றவருக்கு எழுதியிருக்கிறது, பதில் இன்னும் இல்லை.