மறு: அறுவை நோயாளியின் இரத்த இழப்பு – ‘மதிப்பீடு’ ஒன்றே போதுமா?

அன்பு நண்பர்களே,

செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அறுவையில் நோயாளி இழக்கும் இரத்த அளவைப் படிவத்தில் எந்தச் சொல்லால் குறிப்பது என்று பேசும் நம் மடலாடல் இழையோ, குருதியா இரத்தமா என்பதிலேயே நிற்கிறது. குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே ‘குருதிப் பூ’ இருக்கிறது, சரி. ஆனால் அறுவை அரங்கில் அவசரமாகப் படிவம் நிரப்புகிறவருக்கு ‘இரத்தம்’தான் சட்டென்று பிடிபடும். ‘அரத்தம்’ வேண்டாம், அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். உதிர்வதால் உதிரம் என்ற விளக்கம் அழகுதான். ஆனால் அது ‘ருதிரம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ‘போக்கு’ என்பதும் ஒத்துவராது. இரத்தப்போக்கு என்பது நிகழ்வு, இழப்பு என்பது அதில் போன அளவு.

எனக்குக் கவலை ‘மதிப்பீடு’ பற்றித்தான். மூன்று வெவ்வேறு வேலைகளை இந்த ஒரு சொல்லில் அடைக்கிறோம். நனைந்த துணிகளையும் தரையையும் பார்த்து ‘500 மி.லி. இருக்கும்’ என்பது ஒன்று. துணிகளை நிறுத்து, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1 மி.லி. என்று கொண்டு, உறிஞ்சு குடுவையில் சேர்ந்ததையும் கூட்டுவது இன்னொன்று (கழுவ ஊற்றிய சலைனைக் கழிக்க மறந்தால் கணக்கு எகிறிவிடும்). உடலிலுள்ள மொத்த இரத்த அளவைக் கண்டு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஹீமடோகிரிட்டை (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) வைத்துக் கணக்கிடுவது மூன்றாவது. 1983-இல் மயக்கவியல் மருத்துவர் கிராஸ் தந்த வாய்பாடு இதற்குப் பயன்படுகிறது. இழப்பு கூடக் கூடக் கண் அதைக் குறைத்தே காட்டும். ‘மதிப்பீடு 800 மி.லி.’ என்று மட்டும் எழுதியிருந்தால், இரத்தம் ஏற்றுவதா என்று முடிவெடுக்கிறவர் அந்த எண்ணை எவ்வளவு நம்புவார்?

ஆகவே என் பரிந்துரை, இம்மூன்றுக்கும் முறையே: கண்மதிப்பு, எடையளவு, கணக்கீடு. ‘கண்மதிப்பு’ ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். ஆக்க வேண்டியதே இல்லை.

———

மறுமொழி:

ஐயா, கண்மதிப்புக்கு என் வாக்கு. ‘எடையளவு’ வேண்டாம், அதே பக்கத்தில் உடல் எடையும் வருகிறது, நோயாளியின் எடை என்று படித்துவிடுவார்கள். முன்பு ஒருவர் தந்த ‘நிறுத்தறிதல்’ செறிவான சொல், ஆனால் ஏதோ ஒன்றை நிறுத்திவிட்டு அறிவதாகவும் தொனிக்கிறது. ‘கணக்கீடு’ என்றால் துணியை நிறுப்பதிலும் கூட்டல் கழித்தல் உண்டே? அதற்கு ‘வாய்பாட்டு வழி’ என்பதே தெளிவு.

வெள்ளிக்குள் நல்ல சொல் அமையாவிட்டால் ‘துணி எடை வழி’ என்று விளக்கமாகவே அச்சிடுங்கள். தலைப்பில் ‘இரத்த இழப்பு’ என்று பெரும்பான்மையோர் சொல்லிவிட்டீர்கள், அப்படியே போகட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது ‘குருதியிழப்பு’ நிற்க வேண்டும்.