பழைய டெஸ்க்டாப் ரவுட்டர்: பிங் போகிறது, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

கேள்வி:
வணக்கம். பழைய ஐ3 டெஸ்க்டாப்பில் (4 ஜிபி ரேம், இரண்டு லேன் போர்ட்) ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இயங்குதளம்) போட்டிருக்கிறேன். ஃபைபர் மோடம் பிரிட்ஜ் மோடில் (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) இருக்கிறது. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைய நிறுவனத்தோடு இணையும் முறை) லாகின் இந்தப் பெட்டியில்தான். அதற்கென ஃபயர்வாலில் புது ஜோன் (ஒரே விதிகள் பொருந்தும் இணைப்புகளின் தொகுதி) உருவாக்கி மாஸ்கரேடிங் (வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே இணைய முகவரியில் வெளியே போவது) டிக் செய்தேன். எல்லாத் தளத்துக்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது. ஆனால் சில தளங்கள் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

பதில் 1:
டிஎன்எஸ்ஸை விட்டுவிடுங்கள், இது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். ஈதர்நெட்டில் 1500 பைட் போகும். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. இது தெரியாத உங்கள் கணினி, எம்எஸ்எஸ் (தலைப்பு போக ஒரு பாக்கெட்டில் ஏற்கும் தரவின் அளவு) 1460 என்றே சர்வரிடம் சொல்கிறது. சர்வரும் 1500 பைட் பாக்கெட்டை, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்புகிறது. அது வழியிலேயே விழுந்துவிடும். 'பாக்கெட் பெரிது' என்று திரும்பிப் போகும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழையை அறிவிக்கும்) செய்தியைத் தடுத்து வைத்திருக்கும் தளங்கள்தான் உங்களுக்குத் தொங்குகின்றன. பிங் சின்னப் பாக்கெட், அதனால் தப்பிக்கிறது.

புது ஜோனை நீக்கிவிட்டு, பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை ஏற்கெனவே உள்ள வான் (WAN, இணையப் பக்க) ஜோனில் சேருங்கள். அதில் 'எம்எஸ்எஸ் கிளாம்பிங்' (எம்எஸ்எஸ்ஸை லைனுக்கு ஏற்றபடி குறைத்துச் சொல்வது) டிக் முன்பே இருக்கும்; நாமாக உருவாக்கும் ஜோனில் இருக்காது. பிறகு துண்டாக்காத பிங் 1464 பைட்டில் போட்டுப் பாருங்கள் (தலைப்பு 28 சேர்த்தால் 1492). 1464 போய், 1465 போகாவிட்டால் லைன் சரி. 1464-உம் போகாவிட்டால் எட்டெட்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகும் அளவோடு 28 கூட்டி பிபிபிஓஇ-யின் எம்டியூவில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லாத் தளமும் திறக்கிறது, மிக்க நன்றி! இன்னொன்று: கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக ஆன் ஆவதில்லை.

பதில் 2:
பயாஸில் (கணினி ஆன் ஆனதும் வரும் அடிப்படை செட்டிங் திரை) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' (கடைசியாக இருந்த நிலை) வேண்டாம். முறைப்படி ஷட்டவுன் ஆகியிருந்தால் அணைந்தே கிடக்கும். 'இஆர்பி' (மின் சேமிப்பு வசதி) இயங்கினால் சில போர்டுகளில் இந்த வசதி வேலை செய்யாது, அதை அணையுங்கள். கீபோர்டு இல்லாமல் ஓடப்போகிற பெட்டி என்பதால் 'ஹால்ட் ஆன்' (எந்தப் பிழையில் நிற்க வேண்டும்) இடத்தில் 'நோ எரர்ஸ்' கட்டாயம். இவ்வளவு வயதான போர்டில் சிமாஸ் செல் (பயாஸ் செட்டிங்கைக் காக்கும் சின்ன பேட்டரி) தீர்ந்திருக்கலாம்; தீர்ந்திருந்து, புது சிஆர்2032 போடாவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் இந்த செட்டிங் அழிந்துபோகும்.

எந்த இமேஜ் போட்டீர்கள்? இஎக்ஸ்டி4 என்றால் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு மாறுங்கள் (இரண்டும் ஓப்பன்டபிள்யூஆர்டி இமேஜின் ஃபைல் சிஸ்டம் வகைகள்). அதில் மூல சிஸ்டம் எழுத முடியாத பகுதியில் இருப்பதால், செட்டிங் கெட்டாலும் ரீசெட் செய்து மீட்டுவிடலாம். யுபிஎஸ் வைத்தால் மோடத்தையும் அதிலேயே செருகுங்கள்.