‘செட்’ டெல்டாவின் சொல்லா? தொழிற்சொல் பட்டியல் குறித்த விவாதம்

மன்னை ஆசிரியை:
நாம் சேர்ந்து தொகுத்துவரும் காவிரிப் படுகைத் தொழிற்சொல் பட்டியலில் ‘செட்’ என்பதையும் ஒரு தலைச்சொல்லாக, அதாவது தனிப் பதிவின் தலைப்பாக, சேர்க்க வேண்டும் என்று குடமுருட்டி ஐயா முன்மொழிந்திருக்கிறார். பம்புசெட், மைக்செட், ஒரு செட் மேளம், சிமென்ட் செட் ஆவது, இரண்டு பேருக்குள் செட் ஆகாமல் போவது என அவர் அடுக்கியிருக்கும் வழக்குகள் எல்லாம் நம் ஊர்களில் உள்ளவைதாம். ஆயினும் நான் இதை எதிர்க்கிறேன். பரவலாக வழங்குவதால் மட்டும் ஒன்று தொழிற்சொல் ஆகிவிடாது. தொழில் செய்பவருக்குத் தேவையான ஒரு வேறுபாட்டை அது காட்ட வேண்டும். நட்ட நாற்று வேரூன்றி நிமிர்ந்தால் ‘பச்சை பிடித்துவிட்டது’ என்கிறோம். பக்கத்தில் கிளைத்துப் பருத்தால் ‘தூர் கட்டுகிறது’ என்கிறோம். கதிரில் மணி திரளத் தொடங்கினால் ‘பால் பிடிக்கிறது’ என்கிறோம். மூன்று நிலைக்கும் வயலில் செய்ய வேண்டியது வேறு. பச்சை பிடிக்கும் வரை தண்ணீரைக் குறைவாக வைக்க வேண்டும், தூர் கட்டும்போது மேலுரம் இட வேண்டும், பால் பிடிக்கும்போது வயல் காயக் கூடாது. இப்போது இளைஞர்களிடம் கேட்டால் மூன்றுக்கும் ‘பயிர் செட் ஆகிவிட்டது’ என்ற ஒரே விடைதான் வருகிறது. அந்த விடையைக் கொண்டு மடையைத் திறப்பதா மூடுவதா என்று யாரால் சொல்ல முடியும்?

குடமுருட்டி விவசாயி:
அம்மா, பயிருக்கு ‘செட்’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. நான் கேட்பது பம்புசெட்டுக்கு இடம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக் குறுவை முழுவதும் வடிமுனைக் குழாய்க் கிணற்றை (ஃபில்டர் பாயின்டை) நம்பித்தான் நடக்கிறது. ஆங்கிலத்தில் பம்புசெட் என்னும் சொல் மோட்டாரும் பம்பும் இணைந்த இயந்திரத்தை மட்டும் குறிக்கும். நம்மிடமோ அது ஓர் இடத்தின் பெயராகிவிட்டது. ‘பம்புசெட்டில் குளித்தேன்’, ‘பம்புசெட்டில் படுத்திருக்கிறார்’, ‘பம்புசெட்டுக்கு மேற்கே உள்ள மனை’ என்று சொல்லும்போது நாம் இயந்திரத்தையா நினைக்கிறோம்? கொட்டகை, தண்ணீர் விழும் தொட்டி, அங்கிருந்து பிரியும் வாய்க்கால், பக்கத்தில் நிற்கும் வேப்பமரம் ஆகிய எல்லாம் சேர்ந்த ஓரிடத்தை நினைக்கிறோம். அந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள், அதையே எழுதிக்கொள்கிறேன். ‘நீரேற்றி’ என்று எழுதினால் அதில் யாரும் குளிக்க முடியாது, யாரும் படுக்கவும் முடியாது.

குடந்தை மொழிபெயர்ப்பாளர்:
இருவருமே ‘செட்’ ஒரே சொல் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு அங்கேதான் மாறுபாடு. ஆங்கிலத்திலேயே அது ஒன்றன்று. ‘உட்காரவை’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையொன்றும், ‘பின்பற்றுவோர் கூட்டம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயரொன்றும் ஒலியால் நெருங்கி ஒரே வடிவில் கலந்துவிட்டன. 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த வினைக்குத்தான்: தனி வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள், விளக்கம் சுமார் 60,000 சொற்கள். பின்னர் நடந்துவரும் திருத்தத்தில் 2011-இல் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு அதை முந்தியது. ஆங்கிலத்தில் தயிரும் சிமென்டும் சூரியனும் முறிந்த எலும்பும் மோதிரக் கல்லும் எல்லாம் இந்த ஒரே வினைக்குள் அடங்கும். தமிழிலோ தயிர் தோயும், சிமென்ட் இறுகும், பொழுது சாயும், எலும்பு கூடும், கல்லைப் பதிப்பார்கள். ஆகவே அந்த வினையின் முழுப் பரப்பும் நம்மிடம் வரவில்லை. பெரும்பாலும் தொகுதி என்ற பெயர்ப்பொருள் வந்தது, பொருந்துதல், இறுகுதல் என்ற இரண்டொரு வினைப்பொருள்கள் வந்தன. பல பொருள் தருவது ஒரு சொல்லின் குற்றமும் அன்று. நம் ‘கட்டு’ என்பதைப் பாருங்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறோம், வரப்புக் கட்டுகிறோம், வங்கியில் பணம் கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம். நெற்கட்டு வேறு, பழைய ஓட்டு வீட்டின் இரண்டாம் கட்டு வேறு. விலை குறைந்தால் கட்டுப்படியாகாது. ஆசிரியை குறிப்பிட்ட தூரும் இதே வினையால்தான் கட்டுகிறது. இதைக் கேட்டு நம் விவசாயி ஒருவரும் குழம்பியதில்லை.

பாபநாசம் கட்டட மேற்பார்வையாளர்:
சிமென்டைப் பற்றி ஒரு திருத்தம். ‘இறுகும்’ என்று மொழிபெயர்ப்பாளர் ஐயா எழுதியது பொதுப்பேச்சுக்குச் சரி, கட்டுமான இடத்தில் நிற்பவருக்குப் போதாது. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு இந்தியத் தரநிலை விதிப்பது, தொடக்கச் செட் 30 நிமிடத்துக்கு முன் நேரக் கூடாது, இறுதிச் செட் 600 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பதாகும். அந்த நிலையில் கலவை நெகிழ்வை இழந்திருக்கும், ஆனால் வலிமை பெற்றிருக்காது. வலிமை நாள்கணக்கில் நீராற்ற நீராற்றத்தான், அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்கத்தான், ஏறும். எங்கள் கொத்தனார்கள் ‘செட் ஆயிடுச்சு, இனி கரண்டி வைக்காதே’ என்பதும், ‘இன்னும் வலு ஏறல, பலகையைப் பிரிக்காதே’ என்பதும் இரண்டு வெவ்வேறு எச்சரிக்கைகள். ஆசிரியை கேட்ட அதே வேறுபாட்டை இங்கே ‘செட்’ காட்டுகிறது. இரண்டையும் ‘இறுகுதல்’ என்று எழுதிவைத்தால் தளம் விழும்.

நாயனக் குடும்பத்து மகள்:
மேளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ‘ஒரு செட்’ என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று பொருள். முன்பு ஒத்து, அதாவது சுருதிக் குழல், ஊத ஓர் ஆள் இருப்பார். சுருதிப்பெட்டி வந்தபின் அந்த ஆள் போய்விட்டார், ‘செட்’ என்ற எண்ணிக்கையும் சத்தமில்லாமல் ஒன்று குறைந்தது. இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ‘மேளம்’ என்பதே குழுவைத்தான் குறித்தது. பெரிய மேளம் (நாயனக் குழு), சின்ன மேளம் (சதிர் ஆட்டக் குழு) என்ற வழக்குகளில் அது தோற்கருவியின் பெயர் அன்று. ‘யார் மேளம்?’ என்று கேட்டால் நாயனக்காரரின் பெயரைத்தான் விடையாகச் சொல்வார்கள். ‘மேளம்’ தவிலாகச் சுருங்கியபின்தான் குழுவை எண்ணுவதற்குச் ‘செட்’ தேவைப்பட்டது. இதில் எனக்கு வருத்தமே. பந்தல், மைக், நாற்காலி, மேளம் என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ‘இத்தனை செட்’ என்று எழுதிக் கல்யாணச் செலவுக் கணக்கு போடும்போது, ஒத்துக்காரரை இழந்த கலை வாடகைப் பொருளோடு நிற்கிறது. பட்டியலில் சேர்த்தால் இந்த வரலாற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

மன்னை ஆசிரியை:
மேற்பார்வையாளரின் விளக்கத்தை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. கட்டடப் பகுதியில் ‘தொடக்கச் செட்’, ‘இறுதிச் செட்’ இரண்டும் இடம்பெறட்டும். மொழிபெயர்ப்பாளரின் ஒப்பீட்டை மட்டும் ஏற்க மாட்டேன். ‘கட்டு’ ஒவ்வொரு முறையும் தன்னோடு ஒரு சொல்லை அழைத்துக்கொண்டு வருகிறது: தூர் கட்டுகிறது, வரப்புக் கட்டுகிறோம். அதனால் குழப்பம் நேர்வதில்லை. ‘செட் ஆகிவிட்டது’ என்பது தனியாக வந்து, துணைச்சொல்லைத் துரத்திவிட்டு உட்காருகிறது. இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘செட்டு’ என்று சிக்கனத்தைக் குறிக்கும் சொல் முன்பே இருக்கிறது. ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்தினாள்’ என்று இன்றும் பெரியவர்கள் பாராட்டுகிறார்கள். பேச்சு ஒலிப்பைப் பின்பற்றிப் ‘பம்புசெட்டு’, ‘மைக்செட்டு’ என்று எழுதி எல்லாவற்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ்ப் போட்டால், அடுத்த தலைமுறை அந்தப் பாராட்டை என்னவென்று படிக்கும்? ஆகவே ‘செட்’ என்ற பொதுத் தலைச்சொல் கூடாது. கூட்டுச்சொற்கள் மட்டும் தனித்தனியே வரட்டும்.

குடந்தை மொழிபெயர்ப்பாளர்:
தலைச்சொல் இல்லாமல் கூட்டுச்சொற்களை மட்டும் சிதறவிட்டால், மேளத்திலும் பம்பிலும் வருவது ஒரு வேர், சிமென்டில் வருவது வேறு வேர் என்பதைக் காட்ட இடமே இருக்காது. நான் தலைச்சொல் வேண்டும் என்றே வாக்களிக்கிறேன். சிக்கனத்தைக் குறிக்கும் ‘செட்டு’ அதற்கு முன்பாகத் தனிப் பதிவாக நிற்கட்டும்.

குடமுருட்டி விவசாயி:
வேரைப் பற்றிப் பேசுவதால் ஒன்று கூறுகிறேன். எங்கள் ஊரில் ‘மோட்டார் செட்’ என்பதை இயந்திரத் தொகுதி என்ற பொருளில் சொல்பவர்களும் உண்டு. ‘ஷெட்’, அதாவது கொட்டகை, என்ற பொருளில் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் எங்கள் வாயில் ஒரே ஒலிதான். பம்புசெட் இடப்பெயர் ஆனதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். தலைச்சொல்லை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். பம்புசெட்டுக்கான பதிவை நான் எழுதித் தருகிறேன்: இயந்திரம் ஒரு பொருள், கொட்டகையும் தொட்டியும் அடங்கிய இடம் இன்னொரு பொருள், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் அங்கே போய்க் காத்திருக்கும் வேலை மூன்றாவது. ‘ராத்திரி பம்புசெட் இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் அந்த மூன்றாவது பொருள்தான். இது விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.