பாப்பாவுக்குத் தேன் வேண்டாம்

(எங்கள் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்ட செய்திகள்)

நான்: வீட்டில் எல்லோருக்கும் சளி. பெரியவனுக்கு இருமல், இரவெல்லாம் தூங்கவில்லை. பாப்பாவுக்கும் காலையிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. அத்தை, நீங்கள் மிளகு ரசம் எப்படி வைப்பீர்கள்?

அத்தை: மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு ஆறு பல் தோலோடு. உரலில் ஒன்றிரண்டாகத் தட்டும்மா. மிக்ஸியில் மையாக அரைத்தால் ரசம் கலங்கி மண்டியாகிவிடும். புளி கொஞ்சமாகக் கரை. நுரை கட்டி ஏறும்போதே இறக்கிவிடு, தளதளவென்று கொதிக்க விடாதே. பெரியவனுக்குக் காரம் குறைத்து, குழைந்த சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடு.

பெரியம்மா: பாப்பாவுக்குத் துளசிச் சாற்றைத் தேனில் குழைத்து நாக்கில் தடவு. நம் பிள்ளைகளுக்கு அதுதானே கொடுத்தோம்.

மதினி: பெரியம்மா, தேன் வேண்டவே வேண்டாம்! பாப்பாவுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வயது முடியும்வரை தேனைத் தொடக்கூடாது. அதில் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் சுரந்தால் கை கால் துவண்டு, மூச்சுவிடவே சிரமமாகிவிடும். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் ஆபத்து. வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

பெரியம்மா: அய்யோ, இது எனக்குத் தெரியாதே. பெரியவனுக்குக் கொடுக்கலாமா?

மதினி: அவனுக்கு ஐந்து வயது, தாராளமாகக் கொடுக்கலாம். படுக்கும்முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் கொஞ்சம் அடங்கும். பாப்பாவுக்குத் தாய்ப்பால்தான். மூக்கு அடைத்திருந்தால் ஒரேயடியாகக் குடிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடு. நீயும் கஞ்சி, ரசம் என்று நிறையக் குடி.

அத்தை: அவளுக்கு யார் வைத்துக் கொடுப்பது? தம்பி, இன்றைக்கு ரசம் நீ வை. அவள் படுக்கட்டும்.

வீட்டுக்காரர்: சரிம்மா, பூண்டு எடுத்துவிட்டேன். அக்கா, போன தடவை வாங்கிய ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறது, நான் போடலாமா?

மதினி: போடாதே. சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. சளி பச்சையாக வந்தாலும் அதற்காக மட்டும் போடக்கூடாது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே சரியாகும்.

மாமா: சுக்குக் காபி போடு. கருப்பட்டியை முதலில் வெந்நீரில் கரைத்து வடிகட்டு, அடியில் மண் தங்கும். அப்புறம் சுக்கு, மல்லி, நாலு மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிடு. நானும் இங்கே தினமும் குடிக்கிறேன்.

மதினி: அப்பா, கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும். உங்களுக்கு அது இல்லாமல்தான்.

மாமா: சரிம்மா.

மதினி: பாப்பா வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் போ. இரவானாலும் சரி.

நான்: சரி மதினி. இப்போது நன்றாகத்தான் குடிக்கிறாள்.

பெரியம்மா: தேன் விஷயத்தை எங்கள் தெருக் குழுவிலும் போடுகிறேன். எதிர்வீட்டில் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், அவளிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன்.