புதுப்பிப்பு: கர்ப்பத்தில் ஹெபடைட்டிஸ் பி, மகளுக்குத் தொற்று இல்லை

எனக்கிருக்கும் ஹெபடைட்டிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பிள்ளைக்கும் தொற்றுமா என்று போன வருஷம் கொழும்பிலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. அது மில்லிலீட்டருக்கு 200,000 யூனிட்டுக்கு (IU) மேல் இருந்ததால், கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் டெனோபோவிர் என்ற வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தொடங்கினார்கள்.

பிறந்து 12 மணித்தியாலத்துக்குள் மகளுக்கு ஒரு தொடையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, மற்றதில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்). குட்டித் தொடைகள் இரண்டிலும் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். தாய்ப்பாலுக்குத் தடையில்லை. அப்புறம் 2, 4, 6 மாதங்களில் பென்டாவேலன்ட் (ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி).

எதிர்பாராதது: பிரசவத்துக்குப் பிறகு என் இரத்தத்தில் ஈரல் என்சைம்கள் (ஈரல் பாதிப்பைக் காட்டும் அளவுகள்) ஏறின. அப்படி நடப்பதுண்டாம், தாயும் கட்டாயம் இரத்தம் பார்க்க வேண்டும்.

போன கிழமை, ஒன்பது மாதம் முடிந்து, மகளின் ரிப்போர்ட் வந்தது. தொற்று இல்லை, எதிர்ப்புச்சக்தி இருக்கிறது.