பல்லவியில் லேப் ஸ்டீல் காணாமல் போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்கப் பாடகர் ஜேசன் மொலினாவின் 'மக்னோலியா எலக்ட்ரிக் கோ.' (2003) ஆல்பத்தில் கன்ட்ரியும் ராக்கும் ஒன்றையொன்று மிதிக்காமல் போகும். அந்தப் பாணியில் எங்கள் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்கிறோம். டெலிகாஸ்டர் (எலக்ட்ரிக் கிடார்), லேப் ஸ்டீல் (மடியில் வைத்து, தந்திமேல் உலோகப் பாரை நகர்த்தி வாசிக்கும் கிடார்; தந்திகளைச் சும்மா மீட்டினாலே ஈ மேஜர் கார்டு வரும் ஓப்பன் ஈ டியூனிங்), பேஸ், டிரம்ஸ், குரல். பல்லவி வந்ததும் டெலிகாஸ்டருக்குள் ஸ்டீல் அமுங்கிவிடுகிறது. ஸ்டீலின் ஒலியைக் கூட்டினால் குரலை மறைக்கிறது.

பதில் 1:
மிக்ஸிங்கை விடுங்கள், முதலில் வாசிப்பைச் சரிசெய்யுங்கள். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி அந்த ஆல்பத்தைச் சிகாகோவின் எலக்ட்ரிக்கல் ஆடியோ ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது, குழு பெரும்பாலும் ஒன்றாகவே வாசித்தது. அப்படி வாசிக்கும்போது யார் எங்கே அடங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

டெலிகாஸ்டரில் ஆறு தந்தி பார் கார்டு (ஒரு விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கார்டு) அடித்தால் ஸ்டீலுக்கு இடமே கிடையாது. தடித்த மூன்று தந்திகளில் ஆதார சுரமும் பஞ்சமமும் போதும், கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் ஆம்ப் குமிழ்) பாதியாக்குங்கள். காந்தாரத்தை ஸ்டீலுக்கு விட்டுவிடுங்கள். காரணம் இருக்கிறது: ஸ்டீல்காரர்கள் பலர் ஓப்பன் ஈ-யின் காந்தாரமான ஜி ஷார்ப் தந்தியைக் காதுக்கு இனிமையாக இருக்கும்படி டியூனர் காட்டுவதைவிடச் சற்று இறக்கி வைப்பார்கள், 14 சென்ட் வரைகூட (அரை சுரத்துக்கு 100 சென்ட்). கிடாரின் காந்தாரமோ ஃபிரெட்டோடு கட்டுப்பட்டது. டிஸ்டார்ஷனில் இரண்டும் மோதினால் கரகரப்புதான் மிஞ்சும்.

பதில் 2:
மேலே சொன்னது மிகச் சரி. ஸ்டீலில் நகர்த்தும் உலோகப் பாரையும் கவனியுங்கள். கிடாரில் விரல் ஃபிரெட்டுக்குப் பின்னால் இருக்கும், ஸ்டீலில் பார் ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பாருக்குப் பின்னால் இருக்கும் தந்திகளை இடது கை விரல்களால் மூடுங்கள், இல்லாவிட்டால் கீச்சுச் சத்தம் மைக்கில் ஏறும். பாடல் வரி ஓடும்போது வால்யூம் பெடலைப் பாதிக்குக் கீழே வைத்து, வரி முடிந்ததும் தூக்குங்கள்.

அதற்குப் பிறகுதான் ஈக்யூ (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது). ஸ்டீலில் 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 முதல் 3 டெசிபல் குறைத்தால் குரல் வெளியே வரும். கிடார் இடப்பக்கம், ஸ்டீல் வலப்பக்கம்.

கேட்டவர்:
நன்றி. பார் கார்டுதான் அடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் கிடார் இல்லாத இடத்திலும் மேல்சுரங்கள் மங்கலாகத்தான் கேட்கின்றன.

பதில் 3:
அது டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு). பல்லவி முழுக்க கிராஷ் சிம்பல் மேலேயே அடித்தால் ஸ்டீலின் மேல்சுரங்கள் கரைந்துவிடும். ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) மூடி வாசிக்கச் சொல்லுங்கள், கிராஷ் முதல் அடிக்கு மட்டும். டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டும் ஸ்நேர் டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று நூல் பிடித்து அளங்கள். தூரம் மாறினால் ஃபேஸ் கெட்டு (இரு மைக்கின் ஒலி அலைகள் ஒன்றையொன்று குறைத்து) ஸ்நேர் மெலியும், அதை ஈடுகட்ட மொத்த டிரம்ஸையும் ஏற்றுவீர்கள், சிம்பலும் கூடவே ஏறிவிடும்.